நான்காம் பக்கத்தில் விடுபட்டது

லேபிளைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்தில் முடிக்க வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் அந்தக் கம்பெனியின் குவாலிட்டிப் பிரிவிலிருந்து இரண்டு பேர் மண்ணரைப் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். லேபிள், டேக் எல்லாவற்றையும் சரிபார்க்க இப்போது கேமரா வைத்துவிட்டார்களாம். ஒப்புதல் கிடைத்த மாதிரியை ஒரு முறை அதற்குக் காட்டினால் போதும். பிறகு வருவதில் ஒரு புள்ளி குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். "இதுக்கு முன்னாடி நீங்கெல்லாம் எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க சார். டிரெய்னிங்குல வெச்சுக்கறோம்" என்றார்கள்.

டைரிகளை எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முறைகளை மட்டும் எழுதிக் கொடுப்பதாகத்தான் எண்ணம். ஆனால் ஒரு ஆர்டரைத் தாண்டி அப்பால் போக முடியவில்லை. அதையே எழுதுகிறேன். டிரெய்னிங்குக்கு ஆகுமா என்று அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு வருமுன் அவிநாசியில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியில்தான் என்னை எடுத்தார்கள். வந்த முதல் வாரமே அது தகுதி இல்லை, கெட்ட பழக்கம் என்று பழனிச்சாமி அண்ணன் சொல்லிவிட்டார்.

பழனிச்சாமி அண்ணன் எங்கள் குவாலிட்டிப் பிரிவின் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ் இருக்கும். துணியில் நூல் எண்ணுகிற லென்ஸ்தான். அவர் அதை லேபிளுக்கும் வைப்பார். அவர் லேபிள் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் இரண்டு கையையும் கழுவித் துடைப்பார். இடது பக்கம் சீல் போட்ட சாம்பிள், வலது பக்கம் புதிதாக அச்சாகி வந்தது. சீல் போட்ட சாம்பிள் என்பது பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனி, பார்த்து, சரி என்று கையெழுத்திட்டு அனுப்பிய மாதிரி. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பிறகு ஒரு குண்டூசியை எடுத்து இரண்டிலும் கடைசி எழுத்தில் வைப்பார். அங்கிருந்து எழுத்து எழுத்தாகப் பின்னால் நகர்வார். உதடு அசையாது. நடுவில் யாராவது பேசினால் பதில் சொல்லாமல் மறுபடி கடைசி எழுத்துக்குப் போய்விடுவார்.

"முன்னாடியிருந்து படிச்சா அர்த்தம் உள்ள வந்துரும் தம்பி. அர்த்தம் உள்ள வந்துட்டா கண்ணு தூங்கிப்போயிரும். 'காட்டன்'னு மூளையே படிச்சுக்கும், அங்க ஒரு எழுத்து இருக்குதா இல்லையான்னு கண்ணு பாக்காது" என்பார்.

ஆறு மாதத்தில் எனக்கும் அது வந்துவிட்டது. ஜெர்மனிக்குப் போகிற துவைப்புக் குறிப்பு லேபிள் ஒன்றில் ஒரு எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகள் விடுபட்டிருந்தன. மூன்று பேர் கையெழுத்துப் போட்ட பிறகு நான் அதைக் கண்டுபிடித்தேன். ஜெர்மன் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் கண்டுபிடித்தேன் என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று மாலை தன்னிடமிருந்த இரண்டாவது லென்ஸை என்னிடம் கொடுத்தார். அந்த லென்ஸ் இதை எழுதும்போதும் மேசையில்தான் இருக்கிறது.

வடமாநில ஆட்கள் வேலைக்கு வரத் தொடங்கிய பிறகு ஒரு படிவம் தயார் செய்தேன். இந்தி, ஒடியா, வங்காளி என்று நம் நாட்டு மொழியில் டேக் வந்தால், அந்த மொழி படிக்கத் தெரிந்தவர் நம் தையல் பகுதியிலோ செக்கிங்கிலோ இருப்பார். சாம்பிளிலேயே பிழை இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வோம். படிவத்தில் மூன்று கட்டங்கள்: தவறானவை, கூடுதலானவை, விடுபட்டவை. கீழே பெயர், பிரிவு, சொந்த ஊர், தகப்பனார் பெயர், கையெழுத்து. ஊரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்தது நான்தான். அது அவருக்குத் தாய்மொழி என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படிச் சேர்க்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அந்த ஆர்டர் ஒடிசாவிலிருந்து வந்தது. அங்கே மலைப்பக்கத்தில் முன்பு ஒரு சமஸ்தானம் இருந்தது. பெயர் டைரியில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை. அரசாட்சி முடிந்து, சமஸ்தானம் ஒடிசாவோடு சேர்ந்து, எல்லாம் எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரண்மனை இப்போது ஓட்டல். தங்க வருகிறவர்கள் வாங்கிப் போக டி-ஷர்ட் வேண்டும் என்றார்கள். நெஞ்சில் சமஸ்தானத்தின் முத்திரை எம்பிராய்டரியாக வர வேண்டும். கழுத்தில் தொங்கும் டேக்கில் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் ஒடியாவிலும் சமஸ்தானத்தின் வரலாறு.

ஒடியா படிக்கச் செக்கிங்கிலிருந்து சுகாந்தியைக் கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும். வேலம்பாளையத்தில் தன் ஊர்ப் பெண்கள் நால்வருடன் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எட்டு வருடமாக இங்கேயே இருந்ததால் நம் ஊர்ப் பேச்சையே பேசுவாள். அவள் எழுந்து வரும்போது பக்கத்து டேபிள் பெண்கள் சும்மா விடவில்லை.

"ஏனுங் மேடம், ஆபீசுக்குப் போறீங்களா? எங்களையும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க!"

"உனக்குத்தான் முதல்ல மெமோ" என்று திரும்பிச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். டேக்கைக் கையில் வாங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. மேலே இருந்த முத்திரையைப் பார்த்தாள். பிறகு நம் முறைக்கு நேர்மாறாக, முன்னாலிருந்து பின்னால் படித்தாள். இரண்டு முறை.

"எழுத்து தப்பு இல்லீங்க சார். சொல்றதுதான் தப்பு" என்றாள்.

பழனிச்சாமி அண்ணன் அடுத்த மேசையில் இருந்தார். "என்னம்மிணி சொல்றே?" என்றார்.

"மன்னர் கூப்பிட்டா சனங்க ஆசையா ஓடி வந்தாங்களாம். அரமனையில இருக்கற ஒவ்வொரு கல்லும் சனங்க அன்பா குடுத்த பரிசாம். அப்படித்தானுங்க போட்டிருக்குது." அவள் டேக்கை மேசையில் வைத்தாள். "எங்கப்பாவோட தாத்தா அந்தக் கல்லைத் தூக்கினவருங்க. ஆசையா எல்லாம் போகல. ஆள் வந்து கூப்புடும். விதைக்கற நேரம்னாலும் போகோணும். கூலி கெடையாது. சோத்துக்கு அரிசியும் நம்மூட்டுல இருந்துதான் கட்டிட்டுப் போகோணும்."

"போக முடியாதுன்னு சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"யானை வரும் சார்."

"யானையா?" என்றார் அண்ணன்.

"ராஜாவோட யானைங்க. கூரையில கயித்தைக் கட்டி இழுத்துரும். ஒருக்கா எங்க ஊர்ல யாருமே போக மாட்டோம்னு நின்னுட்டாங்களாம். ராத்திரியோட ராத்திரியா ஊரே ஆத்தைத் தாண்டி வெள்ளக்காரன் ஆண்ட பக்கம் போயிருச்சு. மாசக்கணக்கா மரத்தடியில கெடந்தாங்க. திரும்பி வந்து பாத்தா ஒரு ஊடு இல்ல. அந்த யானைக்குத் தீனி போடறதும் எங்க ஊரோட மொறைதானுங்க. இடிக்க வந்த அன்னிக்கும் எங்க வாழையைத்தான் தின்னுட்டு இடிச்சுதாம்."

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த இடத்தில் அவள் அப்பா இன்றுவரை வீடு கட்டவில்லை என்றாள். வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை அங்கே நிற்க வைத்து, இங்கே இன்னார் வீடு, இங்கே இன்னார் வீடு என்று கையைக் காட்டிச் சொல்வாராம். அவள் ஊர்ப் பையன்கள் சிலர் அந்த ஓட்டலிலேயே அறை பெருக்கும் வேலை செய்கிறார்கள். "இதுல நான் கையெழுத்துப் போட்டேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை ஊட்டுக்குள்ள விட மாட்டாருங்க."

ஷிப்மென்ட் சனிக்கிழமை. அன்று வியாழன். டேக்கை அச்சுக்கு அனுப்ப எனக்கு அந்தப் படிவம் வேண்டும்.

"எழுத்துக்குத்தான் அம்மிணி கையெழுத்து, கதைக்கு இல்ல" என்றார் அண்ணன்.

நான் அதைவிட ஒரு படி மேலே போனேன். "இந்தக் காகிதம் இந்த ஃபைலை விட்டு வெளிய போகாதும்மா. நான் பொறுப்பு" என்றேன்.

அவள் படிவத்தைக் கையில் எடுத்தாள். மூன்று கட்டங்களுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். முதல் இரண்டில் கோடு போட்டாள். மூன்றாவதில் ஒடியாவில் ஏதோ எழுதினாள். இரண்டே எழுத்து. கீழே பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். இரண்டு எழுத்து என்றால் 'இல்லை' என்றுதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. அவள் கதவைத் தாண்டுவதற்குள் படிவத்துக்கு நான்கு என்று பக்க எண் போட்டு ஃபைலில் கோத்துவிட்டேன்.

அன்று மாலை, சரிபார்த்த ஆவணங்கள் எல்லாவற்றையும் பையர் கேட்பதாக, அவர்களோடு பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் சொன்னார். நான்காம் பக்கத்தை விட்டுவிட்டு அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்தால் ஃபைல் குறையாகத் தெரியும். மூலப் படிவம் வெளியே போகாது என்றுதானே சொன்னோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பினேன். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எதையும் விடவில்லை. விடுபட்டவை என்ற கட்டத்தில், ஏதும் இல்லை என்ற பொருளில், ஆங்கிலத்தில் 'நில்' என்று அடித்தேன்.

எட்டு மாதம் கழித்து அதே ஆர்டர் திரும்ப வந்தது. டேக்கில் சிறு மாற்றம் இருப்பதாகவும், பையர் ஒப்புக்கொண்ட புதிய சாம்பிள் கூரியரில் வருவதாகவும் சொன்னார்கள். சாம்பிள் வந்தது. அச்சான டேக்கும் வந்தது. முன்பே படித்த வரலாறுதானே என்று இந்த முறை ஒடியா படிக்க யாரையும் கூப்பிடவில்லை. கையைக் கழுவித் துடைத்து, குண்டூசியைக் கடைசி எழுத்தில் வைத்தேன். ஆங்கிலப் பக்கம் முழுவதையும் பின்னாலிருந்து முன்னால் பார்த்தேன். ஒடியாப் பக்கத்தை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தேன். இம்மி விலகவில்லை. கையெழுத்திட்டேன். அன்றைய டைரியில் இருப்பது இதுதான்: "டேக் சரிபார்ப்பு. பிழை இல்லை."

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் சுகாந்தி என் மேசைக்கு வந்தாள். டேக் கோக்கும் பகுதியில் ஆள் குறைவு என்று அவளை அங்கே மாற்றியிருந்தார்கள். கையில் ஒரு டேக் இருந்தது.

"சார், இதுல எழுத்து சரியா இருக்குதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"நேத்தே பாத்துட்டேனே."

"இன்னொருக்காப் பாருங்க."

ஆங்கிலப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். நேற்று என் குண்டூசி முதலில் தொட்ட வரி அது. முன்னாலிருந்து படித்தேன். 'இந்த வரலாற்றைப் படித்து, இதில் விடுபட்டது ஏதும் இல்லை என்று உறுதி செய்தவர், எங்கள் மண்ணின் மகள் சுகாந்தி' என்று இருந்தது. பிறகு அவள் தகப்பனார் பெயர். பிறகு அவள் ஊர்.

நேற்று அந்த ஊரையும், தகப்பனார் பெயரையும், அவள் பெயரையும் லென்ஸ் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்திருக்கிறேன். எழுத்துகளைப் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

"எழுத்து சரியா இருக்குதுங்களா சார்?"

"சரியா இருக்குதும்மா" என்றேன்.

"அப்ப கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

என் கையெழுத்து அதற்கு ஏற்கெனவே இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"அந்தப் பாரத்துல நான் எழுதினதை அவங்க படிச்சாங்களா சார்?"

"படிச்சிருப்பாங்கம்மா" என்றேன். நான் அடித்து அனுப்பியதை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் முகம் மாறியது அப்போதுதான். அதுவரை கோபம் இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. "படிச்சுட்டுமா இப்படிப் போட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "அந்தக் காகிதத்தையாவது குடுங்க. அப்பாகிட்டக் காட்டோணும்" என்றாள்.

"ஒரிஜினலை ஃபைல்ல இருந்து எடுக்கக் கூடாதும்மா" என்றேன். அவளுக்குக் கொடுத்த வாக்கை, அவளிடமே அப்படிக் காப்பாற்றினேன்.

பழனிச்சாமி அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசி வரியை நீக்கி மறுபடி அச்சடிக்கலாமா என்று மெர்ச்சண்டைசர் மூலம் பையருக்கு எழுதச் செய்தார். சாயங்காலம் பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இது பெருமை அல்லவா, எதற்கு நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த முறை அச்சிட அவளுடைய புகைப்படம் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்கள்.

"வண்டி நிக்குது சாமி. இந்த ஒரு லோடு போயிரட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அண்ணன். என்னை அவர் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பெட்டிகள் போயின. அப்புறம் பேசவில்லை.

அடுத்த வாரம் சுகாந்தி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவளுடன் தங்கியிருந்த பெண்ணிடம் இரண்டு மாதம் கழித்து விசாரித்தேன்.

"அவ ஊருக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே டேக் அவங்க அப்பா கையில இருந்துச்சு சார். ஓட்டல்ல வேலை செய்யற பையன் கொண்டாந்து குடுத்துட்டான். அப்பா திட்டல. அந்தக் காலி எடத்துக்குக் கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சு, 'இங்க யாரோட ஊடு இருந்துச்சு, நீயே சொல்லு'ன்னாராம். அவ சொல்லியிருக்கா. அதுக்கப்பறம் அவகூடப் பேசலியாம்."

"இப்ப எங்க இருக்கா?"

"சூரத்துல சார். மில்லுல."

நான் ஓய்வு பெற்றபோது கெடு முடிந்த ஃபைல்களைத் துண்டாக்கும் எந்திரத்துக்கு அனுப்பும் வேலை என் கையில் இருந்தது. கடைசி நாள். அந்த ஃபைலும் அடுக்கில் இருந்தது. நான்காம் பக்கத்தை உருவி எடுத்தேன். ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை நான் அப்படி எடுத்தது அந்த ஒரு தடவைதான். அயர்ன் பகுதியில் ஓர் ஒடியாக்காரர் இருந்தார். மூன்றாவது கட்டத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

அவர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஹாத்தி" என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, ஒரு கையை மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். "யானை சார்."

விடுபட்டவை: யானை. படிவம் கேட்டதை அவள் சரியாக நிரப்பியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் அந்தப் படிவத்தை அவ்வளவு சரியாக நிரப்பியவர் வேறு யாரும் இல்லை. அதை 'நில்' என்று அடித்தது நான். படித்திருப்பார்கள் என்று அவளிடம் சொன்னதும் நான்.

தகப்பனார் பெயரும் ஊரும் அந்தப் படிவத்திலேயே இருந்தன. நடந்ததை ஒன்றுவிடாமல் தமிழில் எழுதி, அயர்ன் பகுதிக்காரரை வீட்டுக்கு அழைத்து, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், பொறுமையாக வரிவரியாக விளக்கி, ஒடியாவில் எழுதச் செய்தேன். இந்த முறை எழுத்தைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. அவரை நம்பினேன். நான்காம் பக்கத்தின் மூலத்தை அதோடு சேர்த்து, ஒப்புகை அட்டை வைத்து அவள் அப்பாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதினெட்டாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. வாங்கியவர் கையெழுத்திடும் இடத்தில் நீல மையில் ஒடியாவில் எழுதியிருக்கிறது. மூன்று எழுத்தா நான்கா என்று பிரித்தறிய முடியவில்லை. லென்ஸை வைத்துப் பின்னாலிருந்தும் பார்த்தேன், முன்னாலிருந்தும் பார்த்தேன். அது அவள் அப்பாவின் பெயராக இருக்கலாம். எனக்கு எழுதிய ஒரு சொல்லாகவும் இருக்கலாம். அயர்ன் பகுதிக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் காட்ட வேண்டும்.

அந்த நாளின் டைரியில் "ஒப்புகை வந்தது" என்று எழுதி, அதற்கு எதிரே இருக்கும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.